விரல் நின்ற இடம்

அந்தப் பாடசாலை நூலகத்தில் ஏழு அலுமாரிகள் இருந்தன. பூட்டுப் போட்டது ஒன்றுதான். பலா மரச் சட்டமும் கண்ணாடிக் கதவும் கொண்ட அந்த அலுமாரியின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு. 'ஹாஷிம் மாஸ்டர் ஞாபகார்த்த அலுமாரி' என்று அதில் பொறித்திருந்தது. உள்ளே நாற்பது பிரதிகள், எல்லாம் ஒரே புத்தகம்: தேசப்படப் பயிற்சி, ஆக்கியோன் எம். ஹாஷிம், மாத்தளை. அதன் சாவி ஜிப்ரி சேரின் சாவிக் கோர்வையில், வீட்டு வாசல் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது.

ஜிப்ரி சேர் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடங்கள். ஆனாலும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வருவார். வெள்ளை நீளக்கைச் சட்டை, தொப்பி, மடித்து வைத்த கைக்குட்டை. பூட்டைத் திறந்து கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பார். பிரதிகளை விளிம்பு பிசகாமல் நிறுத்தி, பூட்டிவிட்டுப் போவார். முன்பெல்லாம் அந்த அலுமாரிக்குப் பூட்டு இருந்ததில்லை. எவனோ ஒருவன் ஒரு பிரதியின் அட்டையில் இருந்த ஹாஷிம் மாஸ்டரின், அதாவது ஜிப்ரி சேருடைய வாப்பாவின், படத்துக்கு மீசை வரைந்துவிட்டான். அன்று மாலையே கடைவீதிக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தார். வாப்பா ஆயுளில் மீசை வைத்தவரில்லை.

இந்த வருடம் பழைய மாணவர்கள் நூலகத்துக்கு இரண்டு கணினிகள் கொடுத்தார்கள். மின்சார இணைப்பு உள்ள சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரோடுதான் ஹாஷிம் மாஸ்டர் அலுமாரி நின்றது. அதிபர் நேரே சொல்லத் துணியவில்லை. பாடசாலையின் கற்றல் வளங்களில் எது பிள்ளைகளுக்கு உதவுகிறது, எது உதவவில்லை என்று பிள்ளைகளிடமே ஒரு வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்போம், வருகிற விடையைப் பார்த்து முடிவெடுப்போம் என்றார். அதைத் தயாரிக்கும் வேலை புவியியல் பாட ஆசிரியை றிஸ்லாவின் தலையில் விழுந்தது. றிஸ்லா ஜிப்ரி சேரிடம் படித்தவர். மரியாதைக்கு ஒருமுறை காட்டிவிட்டு அச்சடிக்கலாம் என்று அவர் வீட்டுக்கே கொண்டுபோனார்.

ஜிப்ரி சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஐந்தாவது வினாவில் நின்றார். 'ஹாஷிம் மாஸ்டர் அலுமாரி நூலகத்தில் இருக்க வேண்டுமா? ஆம், இல்லை.'

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

"எங்க வாப்பாவுக்காகப் புள்ளைகள்ட்ட வோட்டுக் கேக்கப் போறீங்களா, டீச்சர்?"

றிஸ்லா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி நினைத்து எழுதவில்லை என்றார். பிறகு சேர் ஒவ்வொரு வினாவாக எடுத்துத் தமிழ் பிழை, தொனி பிழை என்று காட்டினார். கடைசியில், இதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றார். அதிபரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். பொறுப்புத் தன் தோளில் இருந்து இறங்கியதில் அவருக்கு நிம்மதி.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார் ஜிப்ரி சேர். வாப்பாவின் மேசைதான், வாப்பாவின் கதிரைதான். தான் உப அதிபராக இருந்த காலத்துப் பொருட்பட்டியலை எடுத்து அதிலிருந்து பன்னிரண்டு வளங்களைத் தெரிந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா. மேலே பெயருக்கும் வகுப்புக்கும் சுட்டெண்ணுக்கும் கோடு இழுத்தார். ஐந்தாவது வினா இப்படி வந்தது: 'எமது பாடசாலையின் அரும் பொக்கிஷமாகத் திகழும் தேசப்படப் பயிற்சி நூல் உமது கல்விக்கு எவ்வளவு தூரம் துணை புரிந்துள்ளது?' கீழே மூன்று கட்டங்கள். மிகவும் துணை புரிந்தது. துணை புரிந்தது. ஓரளவு துணை புரிந்தது.

எழுதி முடித்ததும் உரக்க வாசித்துப் பார்த்தார். காதுக்கு நன்றாகவே இருந்தது.

நாலாவதாக ஒரு கட்டம் வேண்டாமா, துணை புரியவில்லை என்று சொல்ல விரும்பும் பிள்ளைக்கு, என்று றிஸ்லா மெதுவாகக் கேட்டார்.

"துணை புரியாத புத்தகத்த யாராச்சும் பூட்டிப் பாதுகாப்பாங்களா?" என்றார் சேர்.

றிஸ்லா தாளை அச்சடிக்க எடுத்துப் போனார்.

வினாக்கொத்தைக் கொடுத்த அன்று ஜிப்ரி சேரே மண்டபத்துக்கு வந்து அறிவுறுத்தல்களை வாசித்தார். பத்தாம் தரமும் பதினோராம் தரமுமாக நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். தாளைக் கண்டதும் சிலர் அடிமட்டத்தை எடுத்து ஓரத்தில் கோடு போட்டார்கள். நீலப் பேனையா கறுப்புப் பேனையா என்று ஒரு பிள்ளை கேட்டாள். எழுதி முடித்தவர்கள் தாளைத் திருப்பி மறுபடி சரிபார்த்தார்கள். ஒருவரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒழுக்கத்தைக் கண்டு சேருக்கு நெஞ்சு நிறைந்தது.

சனிக்கிழமை காலை அவரும் றிஸ்லாவும் நூலகத்தில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தார்கள். ஐந்தாவது வினாவுக்கு, நூற்றுப் பதினெட்டுப் பேரும் 'மிகவும் துணை புரிந்தது' என்ற கட்டத்திலேயே அடையாளமிட்டிருந்தார்கள். ஒருவர் கூடத் தவறவில்லை. ஜிப்ரி சேர் எழுந்து போய் அலுமாரியின் முன்னே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தார். அதிபரிடம் எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது றிஸ்லா கூப்பிட்டார்.

"சேர், இந்த ஒம்பதாவது கேள்வியயும் கொஞ்சம் பாருங்க."

ஒன்பதாவது வினா, மாத்தளை மலைகளின் களிமண் மாதிரியுரு பற்றியது. அவர் காலத்தில் பதினோராம் தரப் பிள்ளைகள் செய்து, புவியியல் அறையில் பெரிய பலகை மேல் வைத்திருந்தார்கள். அதற்கும் நூற்றுப் பதினெட்டுப் பேரும் 'மிகவும் துணை புரிந்தது' என்றே போட்டிருந்தார்கள்.

"நல்லதுதானே," என்றார் சேர்.

"அது இப்ப இல்ல சேர். கூரை ஒழுகிக் கரஞ்சி போய்ட்டு. நாங்க எடுத்து எறிஞ்சி ஆறு வருசம். இந்தப் புள்ளைகள் அதக் கண்ணாலயும் கண்டதில்ல."

றிஸ்லா தாள்களை அடுக்கி ரப்பர் பட்டி போட்டு அவர் கையில் கொடுத்தார். நீங்களே யோசியுங்கள் சேர், திங்கட்கிழமை அதிபரிடம் போகலாம் என்றார். அந்த மரியாதைதான் ஜிப்ரி சேரை அதிகம் சுட்டது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சொல்ல அவரிடம் சொற்கள் இருந்தன.

வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் நிலையத்துக்குப் போனார். யட்டவத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மஸீனா ராத்தா யட்டவத்தையில்தான் இருக்கிறார். அவரைவிட மூன்று வயது மூத்த சகோதரி. கணவர் மௌத்தாகிய பிறகும் தோட்டத்தையும் மிளகுக் கொடிகளையும் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். குடும்பத்து விஷயம் எதுவானாலும் முடிவெடுக்குமுன் ஜிப்ரி சேர் போய் நிற்பது அந்த வீட்டு வாசலில்தான். வெளியாருக்கு அது தெரியாது.

ராத்தா மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதை எல்லாம் கேட்டார். தாள்கட்டை வாங்கி நாலைந்தைப் புரட்டினார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற மாதிரிச் சிரித்தார்.

"நூத்திப் பதினெட்டுப் பேரும் ஒன்னயப் போலவே இருக்காங்களே, தம்பி."

ஜிப்ரி சேருக்கு விளங்கவில்லை.

"வெளங்கிச்சா மகன்னு வாப்பா கேப்பாங்க. வெளங்கிச்சு வாப்பான்னு சொல்லுவே. கேள்வி முடிய முந்தியே சொல்லுவே."

ஞாயிறு காலைகள் அவருக்கு ஞாபகம் வந்தன. சுபஹு தொழுது, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட பிறகு வாப்பா பெரிய மேசையைத் துடைத்துவிட்டுத் தாள்களை விரிப்பார். தேசப்படம் வாசிப்பதற்குத் தமிழில் அப்போது நல்ல பயிற்சி நூல் கிடையாது. வாப்பா வாரத்துக்கு ஒரு பாடம் எழுதுவார். ஒரே உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகளைக் கபில நிற மையில் வரைவார், ஆறுகளை நீலத்தில். மை காயும் வரை மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது. காய்ந்ததும் பிள்ளைகள் இருவரையும் கூப்பிடுவார். ராத்தாவுக்குப் பதினைந்து வயது, அவருக்குப் பன்னிரண்டு. இருவரும் சுட்டுவிரலைப் படத்தில் வைத்து, ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வாப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். மையின் வாசனையும் உம்மா குசினியில் வறுக்கும் கோப்பி வாசனையும் கலந்து வரும். அந்த வாசனை எழுபத்தொரு வயதிலும் அவர் மூக்கில் இருந்தது.

அந்த ஞாயிறுகளில் ஒன்றைத்தான் அவர் பரிசளிப்பு விழாக்களில் சொல்வது வழக்கம். வாப்பா வரைந்த படத்தில் சுது கங்கை மலை மேல் ஏறிப் போயிருந்தது. கோடுகளின் உயரம் கூடக் கூட ஆறும் மேலே போயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து, ஆறு மேலுக்குப் போகுதே வாப்பா என்றான். அந்தச் சிறுவன் யார் தெரியுமா பிள்ளைகளே என்று நிறுத்துவார். மண்டபம் கைதட்டும்.

"நீ மேடைல சொல்ற அந்தக் கதைய நானும் ஒருக்கா கேட்டேன்," என்றார் ராத்தா, மிளகில் இருந்த காம்பைப் பொறுக்கிக்கொண்டே. "என்ட பேத்திக்குப் பரிசு குடுத்த வருசம். பின்வரிசைல இருந்தேன்."

ஜிப்ரி சேர் தலையைக் குனிந்தார்.

ஆறு மேலே போவதைக் கண்டவர் ராத்தா. ஜிப்ரி சேர் அந்தப் பக்கத்தில் விரலை ஓட்டிவிட்டு, விளங்கிச்சு வாப்பா என்று சொல்லிப் பந்து விளையாட எழுந்தவர். வாப்பா அன்று வேண்டுமென்றேதான் ஆற்றைப் பிழையாக வரைந்திருந்தார். அது ராத்தாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. எத்தனை வருடமாக அந்தக் கதை ஜிப்ரி சேர் வாயில் மாறியது, எந்த வருடம் அதை அவரே நம்பத் தொடங்கினார் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

"ஏன் ராத்தா நீங்க ஒன்னும் சொல்லல?"

"வாப்பாட புள்ளைதானே சொன்னான். வேற வீட்டுப் புள்ளையா?"

பிறகு ராத்தா சொன்னார், அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வாப்பா இருவரிடமும் விளங்கிச்சா என்று கேட்டதே இல்லை. கேட்டது ஒன்றுதான்: எந்த எடத்துல வெரல் நின்னிச்சு? அதற்கு விளங்கிச்சு என்று பதில் சொல்ல முடியாது. ஓர் இடத்தைக் காட்டத்தான் வேண்டும். விளங்காமல் விரல் நின்ற இடத்தில் வாப்பா பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் வேறு மாதிரி வரும்.

"நீயும் காட்டினே. அதுக்குப் பொறகு ஒழுங்காத்தான் காட்டினே," என்றார் ராத்தா. தம்பிக்கு அது வேண்டும் என்று தெரிந்து சொன்ன மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஜிப்ரி சேர் அதிபரின் அறையில் நின்றுகொண்டே பேசினார். கொடுத்த வினாக்கொத்துப் பிழையானது, பிழை தன்னுடையது, மறுபடி கேட்க வேண்டும் என்றார். அதிபர், விடை நல்லதாகத்தானே வந்திருக்கிறது சேர், அலுமாரி அங்கேயே இருக்கட்டும் என்று சமாதானம் பேசினார். இல்லாத களிமண் மலையையும் இந்தப் பிள்ளைகள் மெச்சியிருக்கிறார்கள், என் வாப்பாவின் பெயர் அந்த வரிசையில் நிற்க வேண்டாம் என்றார் சேர். அதிபர் பிறகு மறுக்கவில்லை.

இரண்டாவது வினாக்கொத்து ஒரே பக்கம். அவரும் றிஸ்லாவும் நூலக மேசையில் எதிரெதிரே இருந்து எழுதினார்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், றிஸ்லா அதில் ஒரு சொல்லை அடிப்பார். 'பொக்கிஷம்' முதலில் போயிற்று. பெயருக்கும் சுட்டெண்ணுக்கும் இழுத்த கோடு போயிற்று. எவ்வளவு தூரம் என்று கேட்காமல், கடைசியாக எப்போது திறந்தாய் என்று கேட்டார்கள். திறக்கவே இல்லை என்றால் ஏன் என்று எழுதச் சொன்னார்கள். நீ கண்டிராத பொருள் இந்தப் பட்டியலில் இருந்தால் அதை வெட்டிவிடு என்றார்கள். அவற்றுக்கெல்லாம் கீழே, சேர் தானே எழுதிய வினா: 'எந்தப் பக்கத்தில் உன் விரல் நின்றது?' றிஸ்லா அதை இரண்டு முறை வாசித்தார். அதில் எதையும் அடிக்கவில்லை.

தாள் கொடுக்கும் நாளில் தான் பாடசாலைப் பக்கமே வரமாட்டேன் என்றார் சேர். வரவும் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அஸர் தொழுகை வரை கடிகாரத்தைப் பார்த்தார்.

தாள்களைப் பிரித்தபோது களிமண் மலையை எல்லோரும் வெட்டியிருந்தார்கள். ஒருவன் வெட்டிவிட்டுப் பக்கத்தில் 'இது எங்கே சேர்?' என்றும் எழுதியிருந்தான். தேசப்படப் பயிற்சியைத் திறக்கவே இல்லை என்றவர்கள் எண்பத்து மூன்று பேர். ஏன் என்ற இடத்தில் என்ன இருக்கும் என்று ஜிப்ரி சேர் பஸ்ஸில் வரும்போதே எண்ணிப் பார்த்திருந்தார். பழைய புத்தகம், கடினமான தமிழ், மைலும் பேர்லாங்கும். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

றிஸ்லா முதல் தாளை வாசிக்காமல் அவர் பக்கம் நகர்த்தினார். 'அலுமாரி பூட்டியிருக்கும்.' இரண்டாவது தாள்: 'பூட்டு.' மூன்றாவது: 'சாவி டீச்சரிடமும் இல்லை.' இன்னொன்றில், 'அது பார்ப்பதற்கு வைத்திருக்கும் புத்தகம் என்று நினைத்தேன்.' தாள் தாளாக அதையேதான் சொன்னது. நாற்பது பிரதிகளும் அவருக்கு எதிரே, கண்ணாடிக்குப் பின்னால், தூசி படாமல் நின்றன.

"நீங்களாச்சும் கேட்டிருக்கலாமே, மகள்," என்றார். டீச்சர் என்று சொல்ல மறந்திருந்தார்.

"ரெண்டு தரம் கேட்டேன் சேர். நீங்க வந்து தெறந்து தந்தீங்க. பாடம் முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னீங்க. புள்ளைகள் கைய மேசைக்குக் கீழ வெச்சுக்கிட்டு இருந்தாங்க. பொறகு நான் கேக்கல."

மிச்சம் முப்பத்தைந்து பேர் புத்தகத்தைத் திறந்திருந்தார்கள். எங்கே என்று தேடினால், வீட்டில். அவரவர் வாப்பாவின் பழைய பிரதி, சாச்சியின் பிரதி, அட்டை இல்லாத பிரதி. விரல் நின்ற இடங்கள் பலவிதம். ஆனால் பன்னிரண்டு பேர் முப்பத்தோராம் பக்கத்தை எழுதியிருந்தார்கள். 'ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் இடத்தில் நின்றது. பிறகு விளங்கியது.' இந்த வரி இருந்த தாளை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார்.

அதன் பிறகு எழுந்து சாவிக் கோர்வையை எடுத்தார். பூட்டைத் திறந்து ஒரு பிரதியை வெளியே எடுத்தார். எத்தனை மாதம் அதன் முதுகைத் துடைத்திருக்கிறார். உள்ளே விரித்து எத்தனை வருடம் என்று அவருக்கே தெரியவில்லை. முன்னுரையின் கடைசிப் பந்தியில் வாப்பா எழுதியிருந்தார்: 'இந்நூலின் பிழைகளைக் கண்டு சொன்னவர்கள் என் பிள்ளைகள் இருவரும்.' மகள் என்று எழுதவில்லை. மகன் என்றும் எழுதவில்லை. இருவரும்.

அடுத்த கிழமை நடந்த கூட்டத்தில் முடிவு சுருக்கமாக இருந்தது. அலுமாரி அந்தச் சுவரை விட்டுப் போகும், கணினிகள் வரும். புத்தகங்கள் நூலகத்தின் நடு மேசையில் திறந்தபடி இருக்கும். பித்தளைத் தகட்டை மேசைக்கு மேலே மாட்டலாம் என்று அதிபர் சொன்னார். தகடு வேண்டாம், புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது என்றார் ஜிப்ரி சேர். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்றார். பரிசளிப்பு விழாக்களில் தான் சொல்லி வந்த கதையில் வரும் பிள்ளை தான் அல்ல, யட்டவத்தையில் இருக்கும் தன் ராத்தா மஸீனா என்றார். முதுகு வளையாமல்தான் சொன்னார். உட்காரும்போது மட்டும் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் திங்கட்கிழமை வந்தது. வழமை போல வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நூலகத்துக்குப் போனார். நடு மேசையில் புத்தகங்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இன்னொன்றின் அட்டையில் வாப்பாவுக்கு மீண்டும் மீசை முளைத்திருந்தது. ஜிப்ரி சேருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியை விரித்தார். அது தானாக முப்பத்தோராம் பக்கத்தில் விரிந்தது. நீல ஆற்றின் ஓரமாக, கோடுகள் நெருங்கி வரும் இடத்தில், காகிதம் அழுக்கேறி மங்கியிருந்தது. பல விரல்கள் வந்து நின்ற இடம்.

கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் சுட்டுவிரலை ஆற்றின் மேல் வைத்து, அது ஓடும் பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.